ராவென்னாவில் மூன்று நாள்: அப்பாவுக்கு தாந்தே, மகளுக்குப் பறவை, எனக்கு மொசைக். ஒத்து வருமா?

மழைக்குருவி:

வணக்கம். ஏப்ரல் கடைசியில் இத்தாலி போகிறோம். நான், அப்பா, என் மகள், மூன்றே பேர். பொலோன்யாவில் எனக்கு இரண்டு நாள் வேலை. அது முடிந்ததும் 23-ஆம் தேதி மதியத்திலிருந்து 26 மாலை வரை ராவென்னா. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை போட்டாயிற்று. நான் கார் ஓட்ட மாட்டேன்.

ஆளுக்கொரு திசையில் இழுக்கிறார்கள், அதுதான் சிக்கல். அப்பாவுக்கு 74 வயது, ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இத்தாலியக் கவிஞர் தாந்தேயை மொழிபெயர்ப்பில் மூன்று முறை படித்தவர். "அந்த மனுஷன் சமாதியைக் காட்டு, மிச்சம் உன் இஷ்டம்" என்கிறார். இடது முட்டி மட்டும் ஒத்துழைக்காது. சமதளத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடப்பார். படியைக் கண்டால் முகம் மாறும். சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

மகளுக்கு ஒன்பது வயது, பறவைக் கிறுக்கு. பைனாகுலர் கழுத்தை விட்டு இறங்காது. பூநாரையைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்துத் தொலைத்திருக்கிறேன். தேவாலயம் என்றால் பத்து நிமிடத்தில் "போலாமா" ஆரம்பித்துவிடும்.

எனக்கு மொசைக். சின்னச் சின்னக் கல்லும் கண்ணாடியும் பதித்துச் செய்த சுவர்ப் படங்கள். கல்லூரியில் ஒரு பாடப் புத்தகத்தில் கையகல கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்ததிலிருந்து கல்லா பிளாசிதியா என்ற பழைய கல்லறை மண்டபத்தின் நீலக் கூரை மனதில் நிற்கிறது. நீலத்தைக் கறுப்பு வெள்ளையில் பார்த்து ஆசைப்பட்ட ஆள் நான்.

மொசைக்குக்கு ஒரு நாள், பறவைக்கு ஒரு நாள், மிச்சம் அப்பாவுக்கு என்று பிரித்து வைத்திருக்கிறேன். சரிவருமா? பூநாரைக்குக் கார் இல்லாமல் எங்கே போவது?

பழைய_சைக்கிள்:

நான்கு வருடம் அங்கே குப்பை கொட்டியவன். பொலோன்யா பல்கலைக்கழகத்துக்கு ராவென்னாவில் ஒரு வளாகம் உண்டு, அங்கே சுற்றுச்சூழல் படிப்பு. சதுப்பில் இறங்கித் தண்ணீரைக் குப்பியில் பிடித்து உப்பு அளப்பதுதான் என் வேலை. அதனால் பதிலில் சேற்று வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

முதலில் அந்தப் பிரிவினையைக் கைவிடுங்கள். அந்த ஊரில் மொசைக்கும் சதுப்பும் ஒரே சங்கதி. 402-இல் ஹொனோரியுஸ் மன்னன் மேற்கு ரோமப் பேரரசின் தலைநகரை மிலானிலிருந்து ராவென்னாவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதே சேற்றை நம்பித்தான். அலாரிக் தலைமையில் கோத்து என்ற ஜெர்மானிய இனத்துப் படை வடக்கே நுழைந்துவிட்டது. ராவென்னாவைச் சுற்றிலும் சதுப்பு, குதிரைப்படை இறங்கினால் முழங்கால் வரை புதையும். கடல் பக்கம் கிளாஸ்ஸே துறைமுகம். எவ்வளவு நாள் முற்றுகை போட்டாலும் தானியம் கப்பலில் வந்துகொண்டே இருக்கும். பிறகு கோத்து அரசன் தியோடெரிக்கும், அவனுக்குப் பின் கிழக்கு ரோமப் பேரரசின் பைசாந்தியக்காரர்களும் அதே சேற்றுக்குள் உட்கார்ந்துதான் ஆண்டார்கள். நீங்கள் பார்க்கப்போகும் மொசைக் எல்லாம் அந்தச் சேறு காவல் காத்த சொத்து.

அந்தச் சேறு வாடகையும் வாங்காமல் விடவில்லை. ஊர் மெல்ல அமிழ்ந்துகொண்டே வந்திருக்கிறது. நெயோனே ஞானஸ்நான மண்டபத்தின் பழைய தரை இப்போதைய தரைக்கு ஏறக்குறைய 3 மீட்டர் கீழே கிடக்கிறது. கல்லா பிளாசிதியாவும் ஒன்றரை மீட்டர் போல உள்வாங்கியதுதான், அதனால்தான் வெளியிலிருந்து பார்த்தால் கழுத்து வரை புதைந்த செங்கல் வீடு மாதிரி குட்டையாக நிற்கும். அதைப் பார்த்துவிட்டு "இதற்கா இவ்வளவு தூரம்" என்று நினைக்காத ஆளே கிடையாது. உள்ளே போய் அரை நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு கண் பழகும். அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

இந்தத் தண்ணீரை நேராகவே பார்க்க சான் பிரான்செஸ்கோ தேவாலயம் போங்கள். தாந்தேக்கு இறுதிச் சடங்கு நடந்த கோயில் அது, சமாதி அடுத்த வாசல். பலிபீடத்துக்குக் கீழே 10-ஆம் நூற்றாண்டு நிலவறை ஒன்று, நிலத்தடி நீர் ஏறி நிரந்தரமாக மூழ்கிக் கிடக்கிறது. குனிந்து பார்க்க ஒரு திறப்பு இருக்கும். உண்டியலில் நாணயம் போட்டால் விளக்கு எரியும். தண்ணீருக்கு அடியில் பழைய மொசைக் தரை, அதன் மேல் நிழல் விழ நீந்தும் தங்கமீன்கள். காசு தீர்ந்ததும் பட்டென்று இருட்டு. உங்கள் பெண்ணுக்கு அந்த ஊரில் முதலில் பிடிக்கப்போவது இதுதான். சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

23 மதியம் இறங்குகிறீர்கள் இல்லையா, அன்று மாலை அப்பாவுக்கு. சமாதி நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம், எல்லாம் சமதளம். கட்டடம் சின்னது, 1780-81-இல் கமில்லோ மொரீஜியா கட்டியது. உள்ளே ஒரு எண்ணெய் விளக்கு தொங்கும். அதற்கு எண்ணெய் ஆண்டுதோறும் செப்டம்பரில் பிளாரன்ஸிலிருந்து வரும். தாந்தேயை நாடு கடத்திய ஊர் கொடுக்கும் அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1321-இல் இங்கே இறந்தவரின் எலும்பைக் கேட்டு பிளாரன்ஸ் பலமுறை ஆள் அனுப்பியது. 1519-இல் மெடிச்சி குடும்பத்துப் போப்பாண்டவரின் அனுமதியோடு வந்து திறந்தால் பெட்டி காலி. பிரான்சிஸ்கன் துறவிகள் மடத்துப் பக்கமிருந்து சுவரைத் துளைத்து எடுத்து ஒளித்துவிட்டார்கள். ஒளித்த இடம் காலப்போக்கில் மறந்தே போய், 1865-இல் கட்டட வேலையின்போது மரப்பெட்டி அகப்பட்டது. பிளாரன்ஸில் சாந்தா குரோச்சேயில் இருக்கும் பெரிய நினைவுச் சின்னத்துக்குள் இன்றைக்கும் ஒன்றும் இல்லை. இதை அப்பாவிடம் முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள், அங்கே நின்று சொல்லுங்கள்.

இன்னொன்று: 2020 செப்டம்பரிலிருந்து தினமும் மாலை சமாதி வாசலில் யாராவது தாந்தேயின் காவியத்திலிருந்து ஒரு காண்டம் வாசிக்கிறார்கள். கட்டணம் கிடையாது. நேரம் பருவத்துக்குத் தக்க மாறும், அறையில் இறங்கியதும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூநாரைக்கு வருகிறேன். பெரிய கூட்டம் கொமாக்கியோ ஏரிகளில். அதற்கு அழகான வழி ஒன்று உண்டு: வடக்கே சாந்த் அல்பெர்த்தோ கிராமத்தில் ரேனோ ஆற்றைக் கடக்க ஒரு மிதவைப் படகு, கார், சைக்கிள், ஆள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் அக்கரை சேரும். இறங்கினால் கரை மேலே பாதை, ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஏரி முழுக்க இளஞ்சிவப்பு. ஆனால் கார் இல்லாமல், முட்டிவலியோடு, அங்கே வேண்டாம். நீங்கள் செர்வியா போங்கள். ராவென்னாவிலிருந்து ரீமினி போகும் ரயிலில் இருபது நிமிடம் சொச்சம். 827 ஹெக்டேர் உப்பளம், போ என்ற ஆற்றின் டெல்டா பூங்காவுக்குத் தென்கோடி. நிலையத்திலிருந்து பார்வையாளர் மையத்துக்கு டாக்ஸி எடுங்கள். இடையில் ஒரு பெரிய சாலை குறுக்கிடுகிறது, அப்பாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு நடக்கத் தோதில்லை. உள்ளே தனியாகச் சுற்ற விடமாட்டார்கள். வழிகாட்டியோடு மின்படகில் கூட்டிப்போவார்கள், முன்பதிவு செய்யுங்கள். படகு என்பதால் முட்டிக்கும் நல்லது.

பூநாரை எப்போதும் தள்ளித்தான் நிற்கும். பக்கத்தில் வருவது பவளக்காலி. இத்தாலிக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'இத்தாலியின் குதிரைவீரன்'. அந்தச் சிவப்புக் காலின் நீளத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். ஏப்ரல் கடைசியில் உறுதியாக இருக்கும்.

25-ஆம் தேதி விடுமுறை நாள், நாஜிகளிடமிருந்து விடுதலையான தினம். ஊரே கூடையைத் தூக்கிக்கொண்டு பைன் காட்டுக்குப் போகும். அதற்கு முந்தைய நாள்களில் வேறு தொல்லை: ஏப்ரல், மே மாதக் காலை வேளைகளில் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் சான் விதாலே தேவாலய வாசலில் நூறு நூறாக நிற்பார்கள். ஆகவே 24 காலை செர்வியா, 24 மதியம் மூன்றுக்கு மேல் சான் விதாலேயும் கல்லா பிளாசிதியாவும். சான் விதாலே, கல்லா பிளாசிதியா, நெயோனே, அப்போல்லினாரே நுவோவோ, பேராயர் அருங்காட்சியகம் ஐந்துக்கும் ஒரே டிக்கெட். அதில் கல்லா பிளாசிதியாவுக்கும் நெயோனேவுக்கும் நேரம் குறித்து வாங்க வேண்டும். உள்ளே ஐந்து நிமிடம்தான் என்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஏற்ற இடமல்ல அது, என்ன செய்ய.

25 காலை கிளாஸ்ஸே. ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம், எல்லா வண்டியும் நிற்காது, பார்த்து ஏறுங்கள். 4-ஆம் எண் பேருந்தும் போகும், விடுமுறை நாளில் அதை நம்பி நின்று நான் ஒரு முறை முக்கால் மணி நேரம் காய்ந்திருக்கிறேன். வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் சாந்த் அப்போல்லினாரே தேவாலயம், 549-இல் அர்ப்பணித்தது. பக்கத்தில் உருளை வடிவ மணிக்கூண்டு, வாசல் புல்வெளியில் வெண்கல எருமைகள். குழந்தைகள் மேலே ஏறி ஏறி முதுகு பளபளவென்று இருக்கும். உள்ளே பலிபீடத்துக்கு மேலே முழுப் பச்சை: மரம், பாறை, பூ, பறவை, நடுவில் புனிதர், இரண்டு பக்கமும் ஆறு ஆறாக ஆடுகள். கலை வரலாற்றுக்காரர்கள் அதைச் சொர்க்கம் என்பார்கள். எனக்கு என்னவோ அது பின்னால் இருக்கும் காடு என்றுதான் தோன்றும். அங்கிருந்து டாக்ஸியில் கிளாஸ்ஸே பைன் காட்டின் விளிம்புக்குப் போய் இறங்கினால் அப்பா பாதை நெடுக உட்கார்ந்து உட்கார்ந்து நடக்கலாம். குடை மாதிரி விரிந்த பைன், கீழே முள்ளும் புதரும்.

அந்தக் காடு தாந்தேயில் வருகிறது. அவர் காவியத்தின் இரண்டாம் பாகமான புர்கத்தோரியோவின் 28-ஆம் காண்டத்தில் மலையுச்சிக் காட்டின் இலையோசையைச் சொல்லவரும்போது, தெற்கத்திக் காற்று அடிக்கும்போது கியாஸ்ஸி கரையின் பைன் காட்டில் கேட்கும் ஓசை மாதிரி என்கிறார். கியாஸ்ஸி என்றால் இந்தக் கிளாஸ்ஸேதான். 1819-லிருந்து இரண்டு வருடம் ராவென்னாவில் இருந்த ஆங்கிலக் கவிஞர் பைரனுக்கும் இந்தக் காடுகளில் குதிரை ஓட்டுவதுதான் பொழுதுபோக்கு. அப்பாவுக்கு அந்தக் காண்டத்தைக் கையில் கொடுத்து உட்காரவையுங்கள்.

கொசு மருந்து, கணுக்கால் மூடும் காலுறை. ஏப்ரலில் தாங்கும், ஆனாலும் உண்ணி இருக்கும். நான் ஒரு ஜூலையில் செருப்புப் போட்டுக்கொண்டு புந்தே அல்பெரேத்தேயில் மாதிரி எடுக்கப் போய், திரும்பி வந்து காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மிராபிலாந்தியா என்று ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு அங்கங்கே விளம்பரம் இருக்கும். மகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூட்டைமுடிச்சு:

மூணு நாளெல்லாம் ரொம்ப ஜாஸ்தி. பொலோன்யாவிலேருந்து காலையில போய் ஆறு மணிக்குத் திரும்பிட்டேன். சான் விதாலே, கல்லா பிளாசிதியா, தாந்தே, பியாதினான்னு அந்த ஊர் ரொட்டி ஒண்ணு, முடிஞ்சது. ஊர் ராத்திரி எட்டு மணிக்கு மேல தூங்கிடும். வெனிஸுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க.

கல்லும்_கண்ணாடியும்:

மூட்டைமுடிச்சு சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. எட்டு மணிக்குத் தூங்கும் ஊர்தான் 74 வயதுக்கும் 9 வயதுக்கும் சரி.

நான் அங்கே ஒரு பட்டறையில் ஐந்து நாள் மொசைக் கற்றுக்கொண்டவள். கற்றுக்கொண்டேன் என்பது பெரிய வார்த்தை. மரக்கட்டையில் செங்குத்தாக ஓர் உளி பதித்திருப்பார்கள், அதன் விளிம்பில் கண்ணாடிக் கட்டியை வைத்து இரண்டு முனையும் கூராக வளைந்த சுத்தியலால் ஒரு போடு. சரியாக நடுவில் விழுந்தால் 'டிக்' என்று இரண்டாகும். இல்லாவிட்டால் பொடி. முதல் நாள் முழுக்க எனக்குப் பொடிதான். தங்கத் துண்டு இன்னும் மோசம். அதில் தங்கம் மேலே பூசியிருப்பதில்லை. கீழே தடித்த கண்ணாடி, நடுவில் தங்க ரேக்கு, மேலே தோல் போல மெல்லிய கண்ணாடி. ஆயிரத்து ஐந்நூறு வருடமாக மங்காமல் இருப்பதற்கு அந்த மேல்தோல்தான் காரணம்.

அதைச் சுவரில் வழவழவென்று மட்டமாகப் பதிப்பதில்லை. வேண்டுமென்றே ஆளுக்கொரு கோணத்தில் சாய்த்து வைப்பார்கள். அதனால் ஒரே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பாதிதான் கிடைக்கும். மெதுவாக நடந்துகொண்டே பாருங்கள். நீங்கள் நகர நகரச் சுவர் நகரும். கல்லா பிளாசிதியாவில் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, மெல்லிய அலபாஸ்டர் கல், 1911-இல் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் அரசர் கொடுத்தது. வெளிச்சம் தேன் நிறமாக வரும்.

உங்கள் பெண்ணுக்கு என்னிடம் ஒரு வேலை இருக்கிறது. பைனாகுலரை அறையில் வைத்துவிடாமல் தேவாலயத்துக்குள் எடுத்து வரச் சொல்லுங்கள். சான் விதாலேயில் பலிபீடத்துக்கு முன்னால் பக்கச் சுவர்களில் மேலே நான்கு நற்செய்தியாளர்கள் பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் அவர்கள் காலடியைப் பார்க்கட்டும். அங்கே தண்ணீர் ஓடும், நாணல் இருக்கும், நாரை நிற்கும், ஆமை இருக்கும். பழைய_சைக்கிள் தம்பி சொல்லும் அதே சதுப்பு. கல்லா பிளாசிதியாவில் கிண்ணத்தில் தண்ணீர் குடிக்கும் புறா இருக்கிறது. பேராயர் அருங்காட்சியகத்துக்குள் சாந்த் அந்திரேயா சிற்றாலயம் என்று ஒன்று, அதன் முன்னறைக் கூரை முழுக்க அல்லிப்பூவும் பறவையும்தான். மாடி என்பதால் அப்பாவுக்கு லிஃப்ட் உண்டா என்று நுழைவிலேயே கேளுங்கள்.

அப்போல்லினாரே நுவோவோ தேவாலயத்தை 26-க்கு வைத்துக்கொள்ளுங்கள், நிலையத்துக்குப் பக்கம். உள்ளே போனதும் வலது சுவரின் வாசல் பக்கத்துக் கோடியில் தியோடெரிக்கின் அரண்மனை. தூண்களுக்கு நடுவே திரைச்சீலை மட்டும் தொங்கும், ஆள் யாரும் இல்லை. தூணை உற்றுப் பாருங்கள். அங்கங்கே ஒரு கை. வெறும் கை. தியோடெரிக், ஆரியுஸ் என்பவரின் போதனையைப் பின்பற்றிய தனிப் பிரிவுக் கிறிஸ்தவன். பின்னால் வந்தவர்கள் அவனையும் அவன் சபையாரையும் சுவரிலிருந்து பெயர்த்துவிட்டுத் திரை வரைந்து மூடினார்கள். தூணின் மேல் விழுந்திருந்த விரல்களை மட்டும் எடுக்கவில்லை. நான் முதல் தடவை போனபோது கவனிக்கவே இல்லை. எதிர்ச்சுவரில் கிளாஸ்ஸே துறைமுகம், கப்பலோடு. அந்தக் கடல் இன்றைக்கு அங்கே இல்லை, வண்டல் தூர்ந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது.

மழைக்குருவி:

இரண்டு பேருக்கும் நன்றி. காலடி ஆமையைப் படித்துக் காட்டினேன். நோட்டுப் புத்தகத்தில் 'சுவர்ப் பறவைகள்' என்று தனிப் பக்கம் போட்டுவிட்டாள். வெனிஸ் வேண்டாம்.

அந்தப் புந்தே அல்பெரேத்தேவைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்களே, அது எங்களுக்கு ஆகாதா? அப்புறம் அப்பாவின் சாப்பாடு. பியாதினா என்றால் நம் ரொட்டி மாதிரிதானே, பாலாடைக்கட்டி வைத்துச் சாப்பிட்டால் பிரச்சினை இருக்காது இல்லையா?

பழைய_சைக்கிள்:

நல்ல வேளை கேட்டீர்கள். இருக்கிறது பிரச்சினை. பியாதினா மாவில் வழக்கமாகச் சேர்ப்பது 'ஸ்த்ருத்தோ', பன்றிக்கொழுப்பு. மேலே என்ன வைக்கிறார்கள் என்று மட்டும் பார்த்து வாங்கினால் அப்பாவுக்கு அன்றைக்கு விரதம் முறிந்த கதைதான். பல கடைகளில் ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் வைத்திருப்பார்கள். "அல்லோலியோ, சென்ஸா ஸ்த்ருத்தோ" என்று கேட்டு வாங்குங்கள். எண்ணெய், கொழுப்பில்லாமல் என்று அர்த்தம். தெருவோரம் கோடு கோடாக வண்ணம் அடித்த சின்னக் குடில்கள் இருக்கும், அங்கே கல்லில் சுடச்சுடப் போட்டுத் தருவார்கள். ஸ்க்வாக்குவெரோனே என்ற இளகிய பாலாடைக்கட்டியும் ருக்கோலா கீரையும் வைத்தால் போதும். பாலாடைக்கட்டியிலும் கன்று வயிற்று நொதி சேர்ப்பது உண்டு, அப்பா அந்த அளவுக்குப் பார்ப்பாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். கப்பெல்லெத்தி சூப் பக்கம் போகவேண்டாம், அது இறைச்சி ரசம். புது பாஸ்தாவில் முட்டை இருக்கும். பொட்டலத்தில் வரும் காய்ந்த பாஸ்தா என்றால் "செக்கா" என்று சொல்லிக் கேளுங்கள்.

புந்தே அல்பெரேத்தே: ஊருக்கு வடக்கே பத்து கிலோமீட்டர் போல. காடு தண்ணீரில் நிற்கும், அதாவது வெள்ளை வில்லோ, சாம்பல் மரம், பாப்ளர் எல்லாம் முழங்கால் தண்ணீரில். ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி இருந்ததெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும், மற்றதையெல்லாம் வடித்து வயலாக்கிவிட்டார்கள். இலையுதிர் காலத்திலிருந்து வசந்தம் வரை நீர், கோடையில் வறளும். செந்நாரை, குட்டி நீர்க்காகம், அரிவாள்மூக்கன், வெண்கண் வாத்து எல்லாம் அங்கே. பாதை ஒரு சுற்று, ஒரு மணி நேரம் ஆகும், படி இல்லை, மண் ஈரமாக இருக்கும். உங்கள் பெண்ணுக்கு இதுதான் நிஜப் பொக்கிஷம், பூநாரை இல்லை. நான் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் சாலை. ரோமெயா நெடுஞ்சாலை அந்தக் காட்டை ஒட்டிப் போகிறது. லாரி லாரியாக வரும், ஓரத்தில் நடக்க இடம் இருக்காது. சைக்கிளிலோ நடந்தோ அந்தச் சாலையில் குழந்தையோடு ஏறவே கூடாது. டாக்ஸிக்காரரிடம் வாகன நிறுத்தத்திலேயே இறக்கி, திரும்ப வந்து ஏற்றிக்கொள்ளப் பேசிவிட்டால் போகலாம். விடிகாலையில் போங்கள். நீங்களும் மகளும் மட்டும் போய் வாருங்கள், அப்பா தூங்கட்டும்.

மூட்டைமுடிச்சு அவர்களே, ஒரே நாளில் எல்லாம் முடிந்தது சரி. தங்கமீன் பார்த்தீர்களா?

மூட்டைமுடிச்சு:

என்ன தங்கமீன்?

மழைக்குருவி:

திரும்பி வந்துவிட்டோம். கடன் பாக்கி வைக்கக்கூடாது என்று எழுதுகிறேன்.

தங்கமீனில் மட்டும் ஏழு நாணயம் போயிற்று. எட்டாவதை அப்பா பிடுங்கி வைத்துக்கொண்டார். அன்று மாலை காண்டம் வாசிப்புக்கு நின்றோம். கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி வாசித்தார், சுற்றி முப்பது பேர் இருக்கும். அப்பாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் முடிந்ததும் "நடுவில் அவசரப்பட்டுவிட்டாள், அடியின் முடிவில் நிற்கவில்லை" என்று திருத்தம் சொன்னார். நாற்பது வருட வழக்கம், விடுமா. காலிப் பெட்டிக் கதையை அங்கேயே நின்று சொன்னேன். சுவரைத் துளைத்த துறவிகளை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

செர்வியாவில் பூநாரை தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு. மகள் முகம் வாடியது. அப்புறம் படகுக்கு ஐந்தாறு அடியில் பவளக்காலி ஜோடி ஒன்று வந்து நின்று எங்களைப் பார்த்து ஓயாமல் கத்தியது. கூடு பக்கத்தில் இருக்கிறது, நம்மைத் திட்டுகிறது என்று வழிகாட்டி சொன்னார். பூநாரையை அதோடு மறந்துவிட்டாள்.

சான் விதாலேயில் பைனாகுலர் வைத்துக்கொண்டு அண்ணாந்து நின்ற ஒரே குழந்தை இவள்தான். ஆமையை இவள் கண்டுபிடித்த வேகத்தில் பக்கத்தில் நின்ற ஒரு இத்தாலியத் தாத்தா பைனாகுலரை வாங்கிப் பார்த்தார், அப்புறம் அவர் மனைவி, அப்புறம் இன்னும் இரண்டு பேர். எங்களுக்குத் திரும்பி வரப் பத்து நிமிடம் ஆயிற்று. பறவைக் கூரையில் எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் குழம்பிவிட்டாள். ஒன்றைக் கிளி என்றும் இன்னொன்றைக் கினிக்கோழி என்றும் எழுதியிருக்கிறாள்.

கல்லா பிளாசிதியா பற்றி நான் எழுதவில்லை. ஐந்து நிமிடம் முடிந்ததும் வெளியே வந்து இன்னொரு நேரத்துக்கு டிக்கெட் கேட்டேன், கிடைத்தது.

25-ஆம் தேதி மழை. கூடை தூக்கிய கூட்டம் ஒன்றும் வரவில்லை, கிளாஸ்ஸே காட்டு விளிம்பில் நாங்கள் மூவரும் குடைக்கு அடியில். அப்பா மர பெஞ்சில் பிளாஸ்டிக் பை விரித்து உட்கார்ந்து 28-ஆம் காண்டத்தைத் தேடினால், கண்ணாடியை அறையில் விட்டுவிட்டார். மகள்தான் வாசித்தாள். பாதி வார்த்தை தப்பு. அவர் திருத்தவில்லை, மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காற்று தெற்கிலிருந்துதானா என்று எனக்குத் தெரியாது, ஆனால் சத்தம் இருந்தது.

விடிகாலை டாக்ஸி கிடைக்காமல் புந்தே அல்பெரேத்தே மட்டும் விட்டுப்போயிற்று. மகள் அதை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள்.

அந்தத் தூணில் ஒட்டிய கையை நான் கண்டுபிடிக்கவில்லை அக்கா. அப்பாதான் காட்டினார்.

பழைய_சைக்கிள்:

சிவப்பு மை போட்டாயிற்று என்றால் திரும்பப் போய்த்தான் ஆகவேண்டும். அப்பாவும் வருவதாக இருந்தால் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறு பார்த்துப் போடுங்கள், பிளாரன்ஸ்காரர்கள் எண்ணெய் கொண்டுவரும் நாள். ஆனால் புந்தே அல்பெரேத்தேயில் அப்போது தண்ணீர் குறைவு. மகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.